பழைய கலமும் புதிய வானொலியும்

1978ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.எஸ்.ஈ.ஈ.-3 என்னும் விண்கலம் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. சூரியக் காற்றை ஆராய்ந்து, 1985இல் வால்வெள்ளியொன்றின் வாலையும் ஊடுருவிச் சென்ற அக்கலம், 2014இல் பூமியை மீண்டும் நெருங்கிற்று. கலம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆயின், அதற்குக் கட்டளை அனுப்பும் பழைய கருவிகள் அகற்றப்பட்டிருந்தன.

தன்னார்வலர் குழுவொன்று இப்பணியை ஏற்றது. சாதாரண வானொலியில் அலையைத் தெரிந்து செய்தியைப் பிரிப்பது மின்சுற்றுக்களின் வேலை. மென்பொருள் வானொலியிலோ அலை எண்களாக மாற்றப்படுகின்றது. எஞ்சிய வேலையைக் கணினி நிரலே செய்கின்றது. ஆகவே, புதிய சுற்று வேண்டின் புதிய நிரல் எழுதினாற் போதும்.

2001இல் தோன்றிய குனூ ரேடியோ என்னும் மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். குழுவினர் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, மறைந்த கருவியின் வேலையை அதில் மீண்டும் எழுதினர். மே மாத இறுதியில், புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து சென்ற கட்டளைக்குக் கலம் பணிந்தது!

ஜூலையில் உந்திகளும் சிறிது இயங்கின. ஆயின், பாதையைத் திருப்பும் முயற்சி கைகூடவில்லை. எரிபொருளை உந்தும் நைதரசன் வாயு தீர்ந்திருக்கலாம் என்று குழுவினர் கருதினர். நிரலிற் பிழையிருப்பின் திருத்தலாம்; தீர்ந்த வாயுவை நிரலால் நிரப்ப இயலாது.

எனினும், ஓருண்மை நிலைபெற்றது. கருவி அழியினும், அது தொழிற்பட்ட முறை எழுத்திற் பேணப்படின், பின்வருவோர் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்வர்.