பூவோட உயரத்துக்கு உட்காருவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டாரக் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



உட்கடன், தவணை, வருகைப் பதிவு எல்லாம் முடிந்தது, டீயும் குடித்தாச்சு. இனி அரை மணி நேரம் வேறு ஒரு விஷயம் பேசப் போகிறோம். போட்டோ எடுப்பது. கல்யாணப் போட்டோ இல்லை. நம்ம வீட்டுப் பின்பக்கம் பூத்த பூ, வேலியில் உட்கார்ந்த பூச்சி, ஏரியில் நிற்கிற பறவை, இவற்றைப் படம் எடுப்பது.

தலைப்பைச் சொன்னதுமே ஒரு ஊக்குநர் அக்கா கேட்டார், "இதுல இன்னா வருமானம் வரும்?" நேர்மையாகவே சொல்லிவிடுகிறோம். வராது. இத்தனை வருஷமாக நாங்கள் உங்களிடம் வந்து பேசியது எல்லாம் வருமானம்தான். தையல், ஆடு, காளான், ஊறுகாய். ஒரு பெண் தனக்கு ஆசையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வேலையைச் செய்யலாம் என்று ஒரு கூட்டத்திலும் நாங்கள் பேசினதில்லை. அது எங்கள் குறைதான்.

இன்னொரு குறையும் இருக்கிறது. போன மாதம் அலுவலகத்தில் பழைய ஆல்பங்களை எடுத்து அடுக்கினோம். குழு ஆரம்பித்த நாள், கிரேடிங் நாள், சுழல் நிதி வாங்கிய நாள் என்று நிறையப் படங்கள். ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கம்மா?" என்று கேட்டார். தேடினோம். ஜமக்காளத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்கள் நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்திருக்கிறோம். தலையும் வகிடும்தான் தெரிகிறது. அந்தப் படங்கள் அறிக்கையோடு போய்விட்டன. உங்களுக்கு ஒரு பிரதி கூடக் கொடுத்ததில்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஜஹீராபாத் பெண்கள் ஞாபகம் வந்தது. தெலங்கானாவில், ஹைதராபாத்துக்கு மேற்கே இருக்கும் ஊர் அது. அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு 1983-லிருந்து பெண்கள் சங்கங்களோடு வேலை செய்கிறது. பெரும்பாலும் தலித் பெண்கள், சிறுதானியம் விதைக்கிற சிறு விவசாயிகள். அவர்களில் சிலர் 1990-களின் கடைசியில் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் விதை, தங்கள் நிலம் பற்றித் தாங்களே படம் எடுத்தார்கள். 2008-ல் சங்கம் ரேடியோ என்று சொந்தமாக ஒரு வானொலியும் ஆரம்பித்தார்கள்.

கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதற்கு ஆங்கிலத்தில் பெயர்கள் உண்டு. அது அவர்களுக்கு ஒட்டவில்லை, தாங்களே பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. ஊர்ப் பெரிய நிலக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, தரையில் இருக்கிறவரைப் பார்க்கிற பார்வை. கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் அது பண்ணையடிமை முதலாளியைப் பார்க்கிற பார்வை. கண்ணுக்கு நேராக, சம உயரத்தில் எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லாரும் ஒரே தரையில்தானே உட்காருகிறோம்!

இதைச் சொன்னபோது நம்ம பக்கத்தில் தெலுங்கு பேசுகிற அக்காமார் சிரித்துவிட்டார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆல்பம் பூராவும் பட்டேல் ஷாட்.

சரி, பூவுக்கு வருவோம். செம்பருத்தியைப் படம் எடு என்றால் நாம் எல்லாரும் என்ன செய்கிறோம்? நின்றபடியே போனை நீட்டி மேலேயிருந்து ஒன்று எடுக்கிறோம். பூவும் மண்ணும் கிழிந்த பிளாஸ்டிக் கவரும் ஒன்றாக விழுகிறது. உட்காருங்கள். பூ எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். பின்னால் குப்பைக்குப் பதில் வானமோ வேலியோ வரும். களை எடுக்கும்போது நாள் பூராவும் குந்தி உட்காருகிறோமே, பூவுக்காக ஒரு நிமிஷம் உட்காரக்கூடாதா?

முதலில் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். சமையல் கை பட்ட போன், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பழைய பருத்திச் சேலைத் துணி போதும். திரையில் பூ தெரிகிற இடத்தை விரலால் லேசாகத் தொட்டால் அந்த இடம் தெளிவாகும். ஜூம் பண்ணாதீர்கள், நீங்களே கிட்டே போங்கள். ரொம்பக் கிட்டே போனால் மங்கும், ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் பூ வெளுத்துப் போகும். விடிந்த நேரமும் பொழுது சாயும் நேரமும் நல்லது. பூசணிப் பூவெல்லாம் விடியற்காலையில் விரிந்து உச்சிக்கு முன்னாலேயே சுருங்கிவிடும், அதற்குக் காலையை விட்டால் வேறு நேரமே கிடையாது. அவ்வளவுதான் பாடம்.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கிற நல்ல போன் பையனுடையது. அவன் தூங்கும்போதுதான் கைக்கு வரும். அதனாலேயே ஐந்தரை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். அவருக்கு அமைந்தது அந்த நேரம், வெளிச்சமும் அதுதான் நல்லது. கறிவேப்பிலைச் செடியில் ஒரு நாள் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனால் அது நகர்ந்தது. புழு. வழக்கமாக நாம் என்ன செய்வோம், நசுக்குவோம். அவர் அதை ஒரு படம் எடுத்தார். மறுநாளும் எடுத்தார். ஒரு வாரம் போனதும் அது பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு இலையாக நின்றது. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கவைக் கொம்பு ஒன்றை நீட்டி, வாடை ஒன்றை விட்டது. அப்புறம் கூடு கட்டிக் காம்பில் தொங்கியது.

வீட்டுக்காரர், "புழுவைப் போட்டோ எடுக்கிற வயசா இது, இருக்கிற வேலையப் பாரு" என்றாராம். அக்கா பதில் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் கூடு திறந்தது. கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். 'கறிவேப்பிலை அழகி' என்பார்கள். இறக்கை காயும்வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் பையனை அவரே எழுப்பி, போனை அவன் கையில் கொடுத்து, "நீயே எடு, எனக்குக் கை நடுங்குது" என்றாராம்.

அந்தப் படங்களை வரிசையாக அவர் எங்களிடம் காட்டினார். சில மங்கல், ஒன்றில் விரல் விழுந்திருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் பாதி இலை போய்விட்டது, ரசத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன் என்றும் சொன்னார். "முப்பது வருஷமா அந்தச் செடியில கை வைக்கிறேன். ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார்.

சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற தங்கைகள், எங்களுக்கு ஏது தோட்டம் என்று கேட்கிறீர்கள். வேன் வருகிற வரைக்கும் நிற்கிறீர்களே, அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறது. பூவரசு மரம் நம்ம பக்கம் எங்கேயும் உண்டு. அதன் பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவந்து போகும். ஷிப்டு போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம். கம்பெனிக்குள் போனை எடுக்காதீர்கள், பல இடங்களில் அனுமதி இல்லை, உங்கள் வேலைக்கு ஆபத்து. ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் ஒரே முருங்கை இலையை வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தூசி படிகிறது என்று தேதியோடு தெரியும். கிராம சபையில் வாயால் சொல்வது ஒன்று, காட்டுவது வேறு.

பழவேற்காடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. மழை முடிகிற சமயத்தில் பூநாரைகள் வரும், ஏறக்குறைய மார்ச் வரை இருக்கும். தலையைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அது தின்கிற பாசியிலிருந்தும் சிறு இறாலினத்திலிருந்தும் வருவது. நம்ம போனுக்கு அது எட்டாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும். பரவாயில்லை. கிட்டே போய்க் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பாவம், பறவைக்கு இரை தேடும் நேரம் போகிறது. தேன்சிட்டுக் கூட்டுக்கும் அதேதான், கிளையை விலக்கினால் தாய் கூட்டையே விட்டுப் போகக்கூடும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களையும் படம் எடுக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டதை நீங்களாவது செய்யுங்கள்.

நல்ல கேமரா இல்லையே என்ற கவலை வேண்டாம். மா. கிருஷ்ணன் என்று நம்ம தமிழ்நாட்டு இயற்கை அறிஞர், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில், தானே பாகம் சேர்த்துப் பொருத்திய கேமராவில் எடுத்தவர். அவரே வீட்டைச் சுற்றித் திரிகிற காக்கை, அணிலைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார்.

அடுத்த கூட்டத்துக்குக் குழுவுக்கு ஐந்து படம் கொண்டுவாருங்கள். போன் இல்லாதவர்கள் பக்கத்து அக்காவின் போனில் எடுக்கலாம், எடுத்தவர் பெயரைத் தனியாகக் குறித்து வைத்தால் போதும். முகம் தெரிகிற படங்களை, முக்கியமாகச் சின்னப் பெண்களின் படங்களை, ஸ்டேட்டஸில் போடாதீர்கள். படங்களைக் கூட்டமைப்புச் செலவிலேயே பிரிண்ட் போட்டு இந்த மண்டபச் சுவரில் ஒட்டுவோம், கூட்டம் முடிந்ததும் எடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அன்றைக்குக் குழுப் படமும் எடுக்கிறோம். நாங்களும் ஜமக்காளத்தில் உட்கார்ந்துதான் எடுப்போம். கறிவேப்பிலை அக்கா எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது, இப்போதைக்கு "பாக்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.