அகலக் கால் வைக்கும் கார்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் இயந்திரவியல் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, கடைசி பெஞ்சில் என்னோடு சேர்ந்து தூங்கிய நண்பர்களே, அவர்களை இன்றுவரை சகித்து வரும் சகோதரிகளே, வணக்கம்.

சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். வீல் பேரிங்கைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இப்போது காரை ஓட்டுவது பிள்ளைகள்தான். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால்தான் அவர்களுக்கு அழகு!

அலாய் வீலில் 'ஈ.டி. 45' என்பது போல ஓர் எண் இருக்கும். அதுதான் ஆஃப்செட். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்ற கணக்கு. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 45 என்பது 25 ஆகிவிடும். "நான் ஸ்பேசரே போடலைப்பா, ஈ.டி. 25 வீல்தான் வாங்கினேன்" என்பவருக்கும் பேரிங்கில் விழும் சுமை அதேதான்.

குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சக்கரத்தின் மேல் 300 கிலோ என்றால், 20 மி.மீ. நகர்வு சுமார் 60 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைக் கூட்டும். நேர்ச்சாலையில் அந்தப் பாரம் வெளி வரிசைக் குண்டுகளின் மேல் விழும். பள்ளத்தில் இறங்கினால் அடி பல மடங்கு.

பால் பேரிங்கின் ஆயுள், சுமையின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதம். வகுப்பில் படித்ததுதான், மறந்திருப்போம்! சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. இரட்டித்தால் எட்டில் ஒன்று.

அதற்காக 5 மி.மீ. மாற்றத்துக்கு ஊரைக் கூட்ட வேண்டாம். மாற்றியே தீருவேன் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். பழைய ஈ.டி.க்கும் புதியதற்கும் வித்தியாசம் எவ்வளவு? ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பில் ஆடாமல் உட்காருகிறதா? நட்டுக்குப் போதிய மரை கிடைக்கிறதா? மூன்றாவது தவறினால் சக்கரமே கழன்று போகலாம்.

வேகத்தோடு கூடும் 'ஊ...' என்ற இரைச்சல், இடப்பக்கம் திரும்பும்போது அதிகமானால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அதை அப்படியே ஓட்டாதீர்கள்.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அகலக் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது காருக்கும் பொருந்தும்!