பந்தியும் பழக்கமும்

“குழந்தை கீரையைத் தொடவே மாட்டேன் என்கிறது; என்ன செய்யலாம்?” என்று என்னிடம் கேளாத பெற்றோர் குறைவு. கீரையின் சத்துக்களை எடுத்துரைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். ஆறு வயதுப் பிள்ளைக்கு உயிர்ச்சத்தைப் பற்றி என்ன கவலை? அது பார்ப்பது பக்கத்துத் தட்டை.

இதனைச் சோதித்தே கண்டிருக்கின்றனர். லியான் பர்ச் என்னும் அமெரிக்க அம்மையார் 1980இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு காய்கறியை விரும்பி மற்றொன்றை ஒதுக்கும் பாலர் பள்ளிக் குழந்தையை, அவ்வாறு ஒதுக்கிய காயையே விரும்பும் மூன்று நான்கு குழந்தைகளோடு உண்ண அமர்த்தினார். நான்கே நாட்களில், ஒதுக்கிய காயையே எடுக்கும் போக்கு உண்டாயிற்று. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சேர்க்கைதான்.

நமக்கு இதற்கென ஆராய்ச்சிச்சாலை வேண்டியதில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த திட்டம் பசியைத் தணித்ததை யாவரும் பேசுவர். பந்தி செய்த வேலையைப் பேசுவோர் சிலரே. வீட்டில் சுண்டலைத் துப்பும் பிள்ளை, பள்ளி வரிசையில் இரண்டாம் முறை தட்டை நீட்டுவதை நான் பன்முறை கண்டதுண்டு.

ஆயினும், நேயர்களே, இதே சேர்க்கை எதிர்ப்புறமும் இழுக்கும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாது என 2020இல் மத்திய அரசு விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் பொட்டலம் வீட்டிலிருந்தே பைக்குள் வந்துவிடுகிறதே!

நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியில் ஒரு சிறுமி, வீட்டிலிருந்து கொணர்ந்த கேழ்வரகு அடையை டப்பாவின் மூடியால் மறைத்துக்கொண்டு தின்றாள். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த பிள்ளைகளில் ஒருவரும் அதனைச் சுவைத்தவரல்லர். மறுவாரம் அவளும் வறுவல் பொட்டலத்தோடு வந்தாள். அவள் தாய் கூலி வேலை செய்பவர். பொட்டலத்துக்காகக் கொடுத்த காசு எங்கே குறைந்ததோ!

கேலி செய்தவர்களை நான் கண்டிக்கவில்லை. கண்டித்தால் அவள் பெயரன்றோ மேலும் அடிபடும்? மறுநாள் முதல் நானும் கேழ்வரகு அடையோடு அவ்வரிசையில் அமர்ந்தேன். இரு ஆசிரியைகளும் உடன் அமர்ந்தனர். முதலில் ஒரு பையன் துண்டு கேட்டான். மாதம் முடியுமுன் மூன்று டப்பாக்களில் அடை வந்தது. அச்சிறுமி பொட்டலத்தை விடுவதற்கு மட்டும் அரையாண்டுத் தேர்வு வரை ஆயிற்று.