லூப் பற்றிய அச்சமும் கணவன் மனைவியின் மஷூராவும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

வெட்கத்தினால் நம் வீடுகளில் பேசப்படாத ஒரு விடயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். கருப்பையினுள் வைக்கப்படும் ‘லூப்’ எனும் கருத்தடைச் சாதனம் பற்றியதே அது. பிள்ளை பெற்ற சகோதரியிடம் கிளினிக்கில் இதுபற்றிக் கூறப்படும்போது அவளது உள்ளத்தில் நான்கு கேள்விகள் எழுகின்றன. இது ஹராமா? சிசுக்கொலையா? என் தொழுகை என்னாவது? கணவரிடம் எப்படிச் சொல்வது? கேட்பதற்கு ஆளின்றிச் சிலர் அடுத்தடுத்துக் கருவுற்று நலிகின்றனர். வேறு சிலர் கணவருக்குத் தெரியாமல் லூப் வைத்துவிட்டு அச்சத்துடன் வாழ்கின்றனர். இரண்டுமே வேதனைக்குரியவை.

முதலாவது, கருத்தரிப்பதைத் தவிர்க்க ‘அஸ்ல்’ செய்யும் வழக்கம் குர்ஆன் இறங்கிய காலத்திலேயே ஸஹாபாக்களிடம் இருந்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும், தேவை கருதிய தற்காலிகத் தடுப்பை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. தம்பதியரின் பரஸ்பர ஆலோசனையும் திருப்தியும், தீங்கின்மை, வழிமுறை ஆகுமானதாயிருத்தல், உருவான கருவுக்குப் பாதிப்பின்மை என்பன அந்நிபந்தனைகளாகும். நிர்ப்பந்தமின்றி நிரந்தரமாக மலடாக்குவதை அது தடுத்தது.

இரண்டாவது, செம்பு லூப் பிரதானமாக விந்தணுவைச் செயலிழக்கச் செய்து, கருமுட்டையை அடையவிடாது தடுக்கிறது. அஸ்ல் வேறு, கருவை அழிப்பது வேறு என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தெளிவாக வேறுபடுத்தியுள்ளார்கள். லூப் வைத்தால் மலடாகிவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. அதை அகற்றியதும் கருத்தரிக்கும் ஆற்றல் மீள்கிறது.

மூன்றாவது கேள்வியே இறையச்சமுள்ள பெண்ணை அதிகம் வருத்துகிறது. செம்பு லூப் வைத்த ஆரம்ப மாதங்களில் இரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம், நாட்களும் நீளலாம். ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் அதிகபட்சம் 15 நாட்கள். அதைத் தாண்டினால் இஸ்திஹாழாவின் சட்டம் வந்துவிடும். அந்நிலையிலுள்ள பெண் தன் வழமையான ஹைழ் நாட்களைக் கணக்கிட்டு, குளித்து, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூச் செய்து தொழ வேண்டும். இதைக் கற்றுக்கொண்டால் பாதிப் பயம் நீங்கிவிடும். போக்கு மிகுந்தால் வைத்தியரை நாடுவதும் அவசியம். சாதனத்தை வைப்பதற்குப் பெண் வைத்தியரையோ பயிற்சிபெற்ற பெண் உத்தியோகத்தரையோ தேடிக்கொள்வது நாணத்துக்கும் பாதுகாப்பாகும்.

நான்காவது கேள்விக்கான பதிலை ஆண்களே கூற வேண்டும். பாலூட்டும் காலம் பூரணமாக இரண்டு வருடங்கள் என்றும், அதற்குமுன் பால்குடி மறக்கடிப்பதாயின் இருவரும் திருப்தியுற்று ஆலோசிக்க வேண்டும் என்றும் சூரா அல்-பகராவின் 233ஆம் வசனம் கற்பிக்கிறது. பால்குடி மறக்கடிப்பதற்கே மஷூரா வேண்டுமெனில், பத்து மாதம் சுமப்பவளின் உடலைப் பற்றிய தீர்மானத்தில் அவளது சொல் இல்லாதிருப்பது நீதியாகுமா? ஒரு பிரசவத்துக்குப் பின் மறு கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் ஆலோசனை கூறுகிறது.

கணவன்மாரே! ‘லூப் வை’ என்று வற்புறுத்தாதீர்கள். ‘வைக்காதே’ என்று ஒரே வார்த்தையில் மறுக்கவும் வேண்டாம். கிளினிக்குக்குக் கூடவே செல்லுங்கள். மாமிமாரே! மருமகளின் பிள்ளைகளை எண்ணுவதற்கு முன் அவளது முகத்தின் சோர்வைப் பாருங்கள். சகோதரிகளே! மறைத்துச் செய்யாதீர்கள், மனம் திறந்து பேசுங்கள். இளைஞர்களே! இச்சட்டங்களை நிக்காஹ்வுக்கு முன்னரே கற்றுக்கொள்ளுங்கள்.

நமது இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.