பூட்டுத் தகட்டில் உள்ள பெயர் யாருடையது?



தமிழ் பயிற்றுவிப்பவளுக்குத் துப்பாக்கியோடு என்ன உறவு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். உறவு துப்பாக்கியோடன்று, அதன்மேல் உள்ள எழுத்தோடு. 18ஆம் நூற்றாண்டின் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் ஓர் இரும்புத் தகடு பதிந்திருக்கும். நாம் ‘குதிரை’ என்று வழங்கும் உறுப்பு, தன் வாயில் கவ்விய கல்லை எஃகில் மோதித் தீப்பொறி எழுப்புவது இத்தகட்டின் முகப்பில்தான். வில் முதலிய உறுப்புகள் தகட்டின் உட்புறத்தில் மறைந்திருக்கும். இவ்வமைப்பு முழுவதையும் ஆங்கிலேயர் ‘லாக்’ என்பர். நான் ‘பூட்டு’ என்றே சொல்லிச் செல்கிறேன். பூட்டின் வெளிமுகத்தில் ஒரு பெயரைக் கண்டவுடன், துப்பாக்கியைச் செய்தவர் பெயர் அதுவே என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எத்துணைப் பொருந்தும் என்பதே என் கேள்வி.

பிரிட்டனின் படைக்கல வாரியம் தன் துப்பாக்கிகளை ஒரே பட்டறையில் செய்விக்கவில்லை. குழல் ஓரிடத்தில், பூட்டு வேறிடத்தில், மரக்கட்டை மற்றோரிடத்தில் உருவாயின. பூட்டுகளிற் பெரும்பகுதி பர்மிங்காமை அடுத்த டார்லஸ்டன், வெட்னஸ்பரி போன்ற ஊர்களில் அரம் பிடித்த கைகள் ஆக்கியவை. 1764ஆம் ஆண்டுவரை ஜோர்டன், கிரைஸ், எட்ஜ் என்றாற்போல ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆண்டும் தகட்டின் வால்பகுதியில் பொறிக்கப்பட்டன. அவ்வாண்டில் வாரியம் அவ்வழக்கத்தை நிறுத்திற்று. அதன்பின் அவ்விடத்தில் ‘டவர்’ என்ற ஒரே சொல் வந்து அமர்ந்தது. அயர்லாந்துக்குரியவற்றில் ‘டப்ளின் காசில்’. நடுவே முடியும் ‘ஜி.ஆர்.’ என்னும் அரச எழுத்துகளும்; அருகே முடியின்கீழ் அகன்ற அம்புக்குறி. இவையெல்லாம் உடைமையையும் ஏற்பையும் சொல்வன. செய்தவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1764க்கு முந்திய பெயர்கூட ஒப்பந்தக்காரருடையதே. அரம் பிடித்தவன் அப்போதும் வெளிமுகத்தில் இல்லை என்பதை மறத்தல் ஆகாது.

மட்கலச் சில்லில் ஒரு பெயரைக் கண்டால், அது சுடுமுன் கீறியதா, சுட்டபின் கீறியதா என்று நம் தொல்லியலார் முதலில் நோக்குவர். வனைந்தவனையும் வைத்திருந்தவனையும் பிரித்தறிய அது உதவும். அந்த நிதானம் இரும்புக்கும் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பூட்டுகள் நமக்கு நெருங்கியவை. கம்பெனியின் பழைய முத்திரை, நான்காகப் பகுக்கப்பட்ட இதய வடிவம்; உச்சியில் ஆங்கில எண் நான்கைப் போன்ற ஒரு குறி; அறைகளுக்குள் வி, இ, ஐ, சி என்னும் எழுத்துகள். ஏறத்தாழ 1808இல் இதயம் விடைபெற, முடியை ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. ஆண்டெண் தேய்ந்து மறைந்திருப்பினும், இதயமா சிங்கமா என்பதைக் கொண்டு காலத்தை ஓரளவு வரையறுக்கலாம்.

ஆனால் அது பூட்டின் காலம், துப்பாக்கியின் காலமன்று. ஆப்கானியரின் ‘ஜெசாயில்’ என்னும் நெடுந்துப்பாக்கிகள் பலவற்றில் கம்பெனிப் பூட்டே பொருத்தப்பட்டுள்ளது. குழலும் வளைந்த கட்டையும் அவர்தம் கொல்லரும் தச்சரும் ஆக்கியவை. பூட்டு மட்டும் பழைய படைத் துப்பாக்கியிலிருந்து வந்தது. அதைக் கண்டு முழுமையையும் ஆங்கிலேயர் படைப்பென்று குறித்தால், அந்தக் கொல்லரை நாம் இரண்டாம் முறையும் மறைத்தவர்களாவோம். போதாததற்கு, எல்லைப்புறப் பட்டறைகள் கம்பெனி முத்திரையையே போலி செய்தன. எழுத்து தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்பதைக் கொண்டு அவற்றை இனங்காணலாம். எழுத்தறியாத கை எழுத்தைச் சித்திரமாகக் கண்டு வரைந்தது. எனக்கென்னவோ அப்போலிகள்மீது சினம் வருவதில்லை. அவற்றில்தான் செய்தவனின் கை வெளிப்படையாகத் தெரிகிறது. பெல்ஜியத்து லீஜ் நகரத்தாரும் ‘டவர்’ என்று பொறித்து விற்றதுண்டு. அங்குக் குழலில் உள்ள சோதனை முத்திரை உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனிய நெடுந்துப்பாக்கி இதற்கு மறுதலை. குழலின் உட்புறம் சுழல்வரி வெட்டிய ரைபிள் அது. பூட்டில் ‘கெட்லண்ட்’ என்றிருக்கும். அது பர்மிங்காமிலிருந்து இறக்குமதியான பூட்டு. துப்பாக்கியை ஆக்கிய லங்காஸ்டர்க் கொல்லன் தன் பெயரைப் பொறித்திருந்தால், குழலின் மேற்பட்டையிலேயே பொறித்திருப்பான். சில பூட்டுகளில் விற்ற வணிகரின் பெயர்கூட இருக்கும்.

அவ்வாறாயின் பூட்டைச் செய்தவனை எங்கே தேடுவது? தகட்டின் உட்புறத்தில். அங்கேதான் ஓரிரு எழுத்துகளாக அவன் தன் முதலெழுத்தை அடித்து வைத்திருப்பான். துப்பாக்கியில் மருந்து இல்லை என்று உறுதி செய்தபின், குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துத் திருகாணிகளைச் சில சுற்றுகள் தளர்த்தி, அவற்றின் தலையில் மெல்லத் தட்டினால் பூட்டு எழும்பி வரும். நெம்பி எடுத்தால் கட்டையின் விளிம்பு சிதையும். இது பயின்றவர் செய்யவேண்டிய பணி.

அருங்காட்சியகம் ஒன்றில், பளபளப்புக்காக உப்புத்தாளிட்டுத் தேய்த்த பூட்டுகளை வரிசையாகக் கண்டேன். வெளிமுகப் பொறிப்பு ஆழமற்றது. சில தேய்ப்பிலேயே மறைந்துபோகும். அங்கே முடியின் நிழல் மட்டும் எஞ்சியிருந்தது. துரு நீக்க மென்மையான எண்ணெயும் துணியும் போதும். படிப்பதற்குச் சாய்ந்து விழும் வெளிச்சம் போதும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுக்கலாம். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் நம்மவர்க்கு அது கைவந்த வேலைதான்.