நமீபியாவுக்குத் துணைநின்ற தூதர்



தூதர் என்றதும் விருந்தும் மாளிகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்காகத் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை அளித்த ஒரு தூதரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவரே பின்லாந்து நாட்டின் மார்ட்டி அத்திசாரி.

1937இல் அவர் வீபுரி நகரில் பிறந்தார். போரின் விளைவாக அந்நகரம் சோவியத் நாட்டின் வசமாயிற்று. அவருடைய குடும்பம் ஊரைத் துறந்து வெளியேறியது. வளர்ந்தபின் அவர் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1960இல் கராச்சிக்குச் சென்று உடற்கல்விப் பயிற்சிப் பணியை நடத்தினார். 1965இல் தம் நாட்டு வெளியுறவு அமைச்சில் சேர்ந்த அவர், 1973இல் தான்சானியாவுக்கான தூதரானார். ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்கள் பலவற்றுக்கு அந்நாடு புகலிடமாக இருந்தது. நமீபியாவின் சுவாப்போ இயக்கத் தலைவர்களை அவர் அங்கேதான் நெருங்கி அறிந்தார்.

நமீபியாவை 1915 முதல் தென்னாப்பிரிக்கா தன் பிடியில் வைத்திருந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மேற்பார்வையில் அங்குத் தேர்தல் நடைபெற வேண்டுமென 1978இல் பாதுகாப்பு மன்றம் தீர்மானித்தது. அப்பொறுப்பு அத்திசாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால், தென்னாப்பிரிக்கா பத்தாண்டுகள் இழுத்தடித்தது.

இரப்பர்க் கன்றை நட்டபின் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதுவரை களையெடுக்காமல், உரமிடாமல் எவரும் வாளா இருப்பதில்லை. அத்திசாரியும் அவ்வாறே பேச்சு வார்த்தைகளைத் தொடர்ந்தார், திட்டங்களைச் செப்பனிட்டார்.

1988 டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. எனினும், போர்நிறுத்தம் தொடங்கிய 1989 ஏப்ரல் 1ஆம் நாளிலேயே வடக்கு எல்லையில் மோதல் மூண்டது. ஐ.நா. படையினர் முழுமையாக வந்து சேர்ந்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் படையினர் சிலர் பாசறையை விட்டு வெளியேற அத்திசாரி இசைந்தார். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்மீது கடும் கண்டனம் எழுந்தது. ஆயினும் அவர் பொறுப்பைக் கைவிடவில்லை. ஏப்ரல் 9இல் புதிய இணக்கம் காணப்பட்டது.

அமைதி காக்கச் சென்ற படைகளுள் நம் மலேசியப் படையும் ஒன்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அயல்நாடுகளில் தஞ்சம் புகுந்திருந்த 40,000க்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். நவம்பர்த் தேர்தலில் பதிவுபெற்ற வாக்காளர்களுள் நூற்றுக்கு 97 பேர் வாக்களித்தனர். 1990 மார்ச் 21ஆம் நாள் நமீபியா விடுதலை பெற்றது.

பின்னர் அவர் 1994 முதல் 2000 வரை பின்லாந்தின் அதிபராக விளங்கினார். நமக்கு அண்மையிலுள்ள அச்சேயில் 2005இல் அமைதி ஏற்படவும் துணைபுரிந்தார். 2008இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அவர், 2023இல் மறைந்தார்.

நியாயமான கோரிக்கை உடனே நிறைவேறாதபோது நாம் சோர்வடைகிறோம். காத்திருக்கும் காலத்தையும் உழைப்பாக்கியவர் அத்திசாரி. நம் சங்கக் கூட்டத்திலும் குடும்பத்திலும் அந்தப் பொறுமை நமக்கு வழிகாட்டட்டும்.