போராடிய இடங்களைக் காப்பாற்றி வைப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். "பெண்களும் வரலாறும் பத்தி ஏதாவது பேசுங்க டீச்சர்" என்று கேட்டாங்க. நான் இன்னைக்கு இடங்களைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். உரிமைக்காக ஜனங்க போராடின இடம், உயிர் விட்ட இடம், நியாயம் கிடைக்காமப் போன இடம். அதெல்லாம் பின்னாடி என்ன ஆகுது? யார் காப்பாத்துறாங்க? அமெரிக்காவில் நடந்த இரண்டைச் சொல்றேன்.

முதலாவது, ஒரு தாயின் கதை. சிகாகோ நகரத்தில் மேமி என்ற கறுப்பினப் பெண். அவருக்கு ஒரே மகன், எம்மெட் டில், வயது 14. 1955 ஆகஸ்ட் மாதம் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு லீவுக்குப் போனான். அங்கே ஒரு மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் தப்பாக நடந்தான் என்று சொல்லி, ராத்திரியில் வீட்டுக்குள் புகுந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொன்று ஆற்றில் போட்டார்கள். முகம் அடையாளமே தெரியவில்லை. சவப்பெட்டியைத் திறக்கவே கூடாது என்றுதான் அனுப்பி வைத்தார்கள். அந்தத் தாய் கேட்கவில்லை. தன் பிள்ளைக்கு நடந்ததை ஊர் உலகம் பார்க்கட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்தார். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பேசி, குற்றவாளிகள் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே, நாங்கதான் கொன்றோம் என்று அந்த இரண்டு பேரும் ஒரு பத்திரிகையில் சொன்னார்கள். ஒரு தடவை விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதால் தைரியமாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆற்றங்கரையில் ஒரு போர்டு கூடக் கிடையாது. 2008-ல் உள்ளூர்க்காரங்க ஒரு போர்டு வைத்தார்கள். யாரோ பிடுங்கி எறிந்தார்கள். இரண்டாவது வைத்தார்கள், துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். மூன்றாவதையும் சுட்டார்கள். 2019-ல் குண்டு துளைக்காத இரும்பில் நாலாவது போர்டு வைத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு போர்டு மேல என்ன கோபம்? அது பேசுது, அதான். இங்கே இப்படி நடந்ததுன்னு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லுது.

2023 ஜூலை 25, அந்தப் பையனின் பிறந்த நாள். அன்றைக்கு அந்த ஆற்றங்கரை, வழக்கு நடந்த நீதிமன்றம், சிகாகோவில் பெட்டியைத் திறந்து வைத்த தேவாலயம், இந்த மூன்றையும் சேர்த்துத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். மகன் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அவர் 2003-லேயே காலமாகிவிட்டார். அந்த மளிகைக் கடையோ தனியார் சொத்தாகவே கிடந்து, கூரை விழுந்து, கொடி படர்ந்து இடிந்துபோனது. கதை ஒண்ணுதான். பொதுவுக்கு வந்த இடம் நிக்குது, வராத இடம் விழுந்துடுச்சு.

இரண்டாவது, மெம்ஃபிஸ் நகரத்தில் லொரெய்ன் என்ற சின்ன விடுதி. வெள்ளைக்காரர் விடுதிகளில் கறுப்பின மக்களுக்கு இடம் கிடைக்காத காலத்தில், வால்டர் பெய்லி, லோரி பெய்லி என்ற கறுப்பினத் தம்பதி நடத்தியது. 1968 பிப்ரவரியில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோக, 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணையாக வந்து இந்த விடுதியில் தங்கினவர்தான் மார்ட்டின் லூதர் கிங். 1959-ல் நம்ம கன்னியாகுமரி வரைக்கும் வந்துபோனவர். ஏப்ரல் 4-ம் தேதி, 306-ம் அறை வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கே லோரி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கிங்கை அடக்கம் செய்த அதே நாளில் அவரும் இறந்தார்.

அந்த அறையை வால்டர் அப்புறம் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ஆனால் தொழில் நொடித்து, கடன் ஏறி, 1982-ல் விடுதி ஏலத்துக்கு வந்தது. கடனும் ஏலமும் எப்படின்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் மக்கள் ஒன்று சேர்ந்தார்கள். நன்கொடை திரட்டி, பத்தாததுக்குக் கடன் வாங்கி, 1,44,000 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். பிறகு அரசும் நிதி கொடுக்க, 1991-ல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமச் சொல்லணும். அந்த விடுதியிலேயே வேலை பார்த்துக் குடியிருந்த ஒரு பெண்ணை 1988-ல் வெளியேற்றினார்கள். ஏழைக்கு வீடு இல்லாமப் பண்ணிட்டு ஏழைக்காகச் செத்தவருக்குக் கட்டடமா என்று கேட்டு, எதிர்ப் பக்கத்து நடைபாதையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியும் நியாயம்தான். இடத்தைக் காப்பாற்றும்போது அங்கே வாழ்கிற மனுஷங்களையும் கூட வைத்துக்கொள்ளணும்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கு? அமெரிக்காவில் வரலாற்று இடங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு, 1966-ல் சட்டம் போட்டது. அதில் பேர் ஏறினாலும், தனியார் தன் சொந்தக் காசில் தன் கட்டடத்தை இடித்தால் அந்தப் பதிவு தடுக்காது. அதனால் மரியாதை மட்டும் போதாது. நிலம் யார் பேரில் இருக்கு, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருது, சட்டப் பாதுகாப்பு இருக்கா, இந்த மூன்றையும் பார்க்கணும்.

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகத்தில் எழுதாத பேச்சு பேச்சே இல்லை. அதே மாதிரிதான் ஊரின் நினைவும். உங்க ஊரில் ஒரு காலத்தில் நம்மை விடாத கிணறு இருக்கலாம், செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு இருக்கலாம், கூலி கேட்டுக் கூடின திடல் இருக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்க. வயசான அக்காக்களையும் பாட்டிகளையும் பேசச் சொல்லி, படிச்ச பிள்ளைகளை வைத்து எழுதுங்க. அந்த இடம் யார் பேரில் இருக்குன்னு கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்க. பொறம்போக்கா இருந்தால், காப்பாற்றச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாங்க. அதைச் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே இந்த வேலையை ஆரம்பிச்சுடணும்.